கடைசி விசிலுக்கு முன்னால்

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மேபெல் ஹோட்டலுக்குள் நுழையுமுன் ஹாய்ட் பாலூ கார் கண்ணாடியில் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். சொந்த அணி தோற்ற முகம் வேண்டும். அது தானாகவே வந்திருந்தது. தோற்றதைக் கண்ணால் பார்த்த முகமும் வேண்டும். அதைத்தான் வரவழைக்க வேண்டியிருந்தது. பல வருஷமாகப் பழைய கார் விற்கிறவர். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியைக்கூட, "ஒரே கை ஓட்டினது, அதுவும் பாதிரியார்" என்று தள்ளிவிடுகிற முகம் அது. இன்றைக்கு அந்த முகத்துக்கே சோதனை.

முந்தின நாள் அமெரிக்கக் கால்பந்தில் பிக்கெட் ஸ்டேட் கல்லூரி, பக்கத்து ஊரான டெல்மரின் கல்லூரியிடம் சொந்த மைதானத்தில் தோற்றிருந்தது. வேறு யாரிடம் தோற்றாலும் பிக்கெட்வில்காரர்கள் இரண்டு வேளைச் சாப்பாட்டில் மறந்துவிடுவார்கள். டெல்மரிடம் தோற்றால் வங்கிக்காரர்கூட வட்டி கேட்கச் சங்கடப்படுவார். அவ்வளவு துக்கம்.

ஹாய்ட்டுக்குத் துக்கத்தோடு பயமும் சேர்ந்திருந்தது. ஆட்டத்தின் கடைசியை அவர் பார்க்கவில்லை. ஐந்து நிமிஷம் பாக்கி இருக்கையில் எழுந்து போய்விட்டார்.

மற்ற ஊரில் இது பெரிய குற்றமில்லை. மேபெல் ஹோட்டலின் ஜன்னலோர மேசையில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அந்த மேசையில் நான்கு பேர், வருஷம் முழுக்க ஞாயிறு தவறாமல் கூடி, பிக்கெட் அணியைப் பிரித்து மேய்வார்கள். மேசைக்குச் சட்டம் இரண்டே இரண்டு. ஒன்று, ஆட்டம் முடிந்தபின் ஞாயிறு மேசைக்கு வரும்வரை பேப்பர், டிவி, போன் எதையும் தொடக்கூடாது. அடுத்தவன் மென்றதை இங்கே கொண்டுவந்து துப்பக்கூடாது, அவரவர் கண்ணால் பார்த்ததைத்தான் பேச வேண்டும். இரண்டு, கடைசி விசிலுக்கு முன்னால் மைதானத்தை விட்டு எழுந்தவருக்கு ஒரு வருஷம் வாய் கிடையாது. வரலாம், சாப்பிடலாம், தன் பங்குக் காசைக் கொடுக்கலாம். பேசக்கூடாது. அவர் எதிரில் காபிக் கோப்பை கவிழ்ந்தே இருக்கும். காகிதக் குவளையில் குடித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வருஷம் பேசாமலிருப்பது ஹாய்ட்டுக்கு ஒரு வருஷம் மூச்சு விடாமலிருப்பது மாதிரி. கடையில் பேசுவது வயிற்றுக்கு. வீட்டில் மனைவி பேசுவார். அவர் தனக்காக வாய் திறக்கிற இடம் இந்த மேசை ஒன்றுதான்.

உள்ளே மூன்று பேரும் வந்துவிட்டிருந்தார்கள். பல் டாக்டர் மெர்ல் ஸ்டான்சில், ஊரில் பாதிப் பேரின் வாய்க்குள் கை விட்டவர். நெல்டா குரூம்ஸ், காப்பீட்டு முகவர். யார் வீட்டுக் கூரை எப்போது ஒழுகும் என்று வீட்டுக்காரருக்கு முன்னால் அறிந்தவர். மூன்றாமவர் வெண்டல் கிரவுஸ், ஊரின் ஒரே ஈமச்சடங்கு நிலையம் அவருடையது. வெண்டல் எதிரில் கோப்பை கவிழ்ந்திருந்தது.

போன வருஷம் இதே டெல்மர் ஆட்டத்தில், கடைசியான நான்காவது பகுதி நடக்கும்போது வெண்டலுக்கு அழைப்பு வந்தது, யாரோ இறந்துவிட்டார்கள். அவர் எழுந்து போனார். மறுநாள் வழக்கை எடுத்து நடத்தியவர் ஹாய்ட். "செத்தவங்க எங்க போயிடப் போறாங்க வெண்டல்? விசில் ஊதற வரைக்கும் அவங்க காத்துக்கிட்டுதான் இருந்திருப்பாங்க" என்றார். மேசையே குலுங்கிச் சிரித்தது. கோப்பை கவிழ்ந்தது. அந்தத் தண்டனை இன்றோடு முடிகிறது.

ஹாய்ட் நாற்காலியில் பொத்தென்று விழுந்து, நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "யாரும் எங்கிட்ட பேசாதீங்க" என்றார். நல்ல தொடக்கம். பேசாமலிருந்தால் மாட்டிக்கொள்ள மாட்டார்.

"நீ பேசாட்டி நான் பேசறேன்" என்றார் மெர்ல். "அந்தக் கோச்சை முதல்ல வீட்டுக்கு அனுப்பணும். பதினோரு புள்ளி முன்னால இருக்கோம். பந்தைக் கையில வெச்சுக்கிட்டு மெதுவா நடந்தாலே போதும், நேரம் ஓடிடும். இவன் எறியச் சொல்றான்யா, எறி."

"எறிஞ்சவனும் ஒண்ணும் யோக்கியன் இல்ல" என்றார் நெல்டா. "எங்க வீட்டு நாய்க்கு ரொட்டி எறிஞ்சாகூட நான் இதைவிட நேரா எறிவேன்."

இதுவரை ஹாய்ட்டுக்குத் தரை கெட்டியாக இருந்தது. பதினோரு புள்ளி முன்னிலை வரை அவரே பார்த்தவர். "நம்ம முன்வரிசைத் தடியனுங்களைச் சொல்லுங்க" என்று துணிந்து நுழைந்தார். "ஒவ்வொருத்தனும் குளிர்சாதனப் பெட்டி சைஸ்ல இருக்கான். கதவைத் திறந்து வெச்ச குளிர்சாதனப் பெட்டி. டெல்மர்காரன் உள்ள பூந்து என்ன வேணுமோ எடுத்துக்கிட்டுப் போறான்."

நெல்டா சிரித்தார். ஹாய்ட்டுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பரிமாறுகிற டாட்டி முட்டையும் சோளக்கூழும் பன்றிக்கறித் துண்டுகளும் வைத்துவிட்டு, "இன்னிக்கு யாரும் சத்தம் போடாதீங்க, அடுத்த மேசையில டெல்மர்லேர்ந்து வந்தவங்க" என்று சொல்லிப் போனாள்.

அப்புறம் பேச்சு அந்தக் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. டெல்மர்காரன் அரை மைதானம் தள்ளி ஒரு பந்தை எறிந்து, அதை ஒருத்தன் பிடித்து, எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி டச்டவுன் போட்டு, பிக்கெட்டின் கதையை முடித்த கட்டம். ஹாய்ட் அதைக் காரில் ரேடியோவில் கேட்டார். வர்ணனைக் கிழவர் அழுகிற குரலில், "டில்லரி வழுக்கிட்டான், டில்லரி விட்டுட்டான்" என்று பிக்கெட்டின் தடுப்பாட்டக்காரனைச் சொல்லிக் கத்தியதோடு ரேடியோவை அணைத்து, ஸ்டீரிங்கில் ஒரு குத்து விட்டார். அவ்வளவுதான் அவரிடம் இருந்த சரக்கு. அதை முதலில் எடுத்து வைப்பதா, அடுத்தவர் எடுக்கட்டும் என்று விடுவதா?

மெர்லே எடுத்தார். "அந்த டில்லரிப் பயல்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஹாய்ட்டுக்கு உயிர் வந்தது. "டில்லரி" என்றார் உடனே. "அப்படியா வழுக்குவான்? வெண்ணெய் மேல நின்ன மாதிரி."

"நான் பைனாகுலர்ல பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றார் மெர்ல். "கால் போற இடம் ஒண்ணு, கண்ணு போற இடம் ஒண்ணு."

"என் பக்கத்து மூலையிலதான விழுந்தான்" என்றார் நெல்டா. "விழுந்து எழுந்திரிக்கவே இல்ல பாவி. எனக்கே பாவமாப் போச்சு."

"எழுந்தான், எழுந்தான்" என்றார் ஹாய்ட். சரக்கு விலை போகிறது என்று தெரிந்தால் வியாபாரி கையை நிறுத்த மாட்டான். "எழுந்து ரெண்டு கையையும் தலையில வெச்சுக்கிட்டான். என் சீட்லேர்ந்து நல்லாத் தெரிஞ்சுது. அவன் அம்மா அழுததுகூடத் தெரிஞ்சுது."

ஒரு காலத்தில் நால்வரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்கள். கல்லூரி நிர்வாகம் நன்கொடை பார்த்து இருக்கைகளை மாற்றிப் போட்டதில் நாலு பேரும் நாலு மூலைக்குச் சிதறிப் போனார்கள். அன்றைக்கு ஹாய்ட் அந்த நிர்வாகத்தைத் திட்டாத திட்டில்லை. இன்றைக்கு மனசுக்குள் கும்பிட்டார்.

"சரி, நம்ம கைதிக்கு விடுதலை கொடுப்போம்" என்று ஹாய்ட் நல்ல மனநிலையில் சொல்லிக்கொண்டே வெண்டலின் கோப்பையை நிமிர்த்தி, தானே காபி ஊற்றினார். "ஒரு வருஷம் ஆச்சு வெண்டல். சேர்த்து வெச்சதையெல்லாம் கொட்டு."

வெண்டல் அவசரப்படவில்லை. ஒரு வாய் குடித்தார். கோப்பையைத் தட்டில் வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"டில்லரிக்குக் கணுக்கால் எப்படி இருக்காம்?" என்றார்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"இல்ல, டெல்மர்காரனோட அதுக்கு முந்தின டச்டவுன்லயே கால் பிசகி விழுந்துட்டானே. வண்டி வந்து ஏத்திக்கிட்டுப் போச்சு. மைதானமே எழுந்து நின்னு கை தட்டினோம். கடைசிப் பந்து வரும்போது அவன் உள்ளே ஐஸ்ல காலை வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தான். வழுக்கினது அவனுக்குப் பதிலா வந்த சின்னப் பையன். ரேடியோக் கிழவருக்குக் கண்ணு சரியில்லைன்னு சொல்றாங்க. அவர் வேணா டில்லரின்னு சொல்லியிருப்பார்."

ஹாய்ட்டுக்கு அந்தக் கைதட்டல் இப்போது காதில் கேட்டது. மைதானத்துக்கு வெளியே காரைத் திறந்துகொண்டிருந்தபோது கேட்ட அதே கைதட்டல். நம்மவன் இன்னொரு டச்டவுன் போட்டுவிட்டான் என்று நினைத்து, விசிலடித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

தலையை நிமிர்த்தினால் மெர்ல் முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெல்டா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஹாய்ட்டுக்கு உறைத்தது.

"நெல்டா" என்றார் மெல்ல. "நேத்து மைதானத்துலேர்ந்து ஊருக்குள்ள வர்ற பாலத்துல என் முன்னாடி, பின் கண்ணாடியில பச்சைக் கொடி ஒட்டின வெள்ளை வண்டி ஒண்ணு நின்னுது."

"பின்னாடி ஒரு மடையன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான்" என்றார் நெல்டா.

"அது நானில்ல. எனக்குப் பின்னாடி இருந்தவன்."

மெர்ல் தொண்டையைச் செருமினார். "பக்கத்துப் பாதை நகர்ந்துதே, அதான் அடிச்சேன்" என்றார்.

வெண்டல் கையை நீட்டி மூன்று கோப்பைகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். சவப்பெட்டி மூடுகிற கை, சத்தமே வரவில்லை. டாட்டியைக் கூப்பிட்டு, "மூணு காகிதக் குவளை கொண்டாம்மா" என்றார்.

பிறகு நாற்காலியில் சாய்ந்து பேச ஆரம்பித்தார். ஒரு வருஷச் சேமிப்பு. கோச் செய்தது சரி என்றார். அவரைப் போல ஒரு கோச் இந்தக் கல்லூரிக்குக் கிடைத்ததே அதிர்ஷ்டம், இன்னும் ஐந்து வருஷம் ஒப்பந்தம் கொடுக்க வேண்டும் என்றார். ஹாய்ட்டின் காது மடல் சிவந்தது. பந்து எறிந்தவன் தங்கம் என்றார். நெல்டா உதட்டைக் கடித்துக்கொண்டார். முன்வரிசையைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது என்றார். மெர்ல் கையிலிருந்த முள்கரண்டி வளைந்தது.

வெண்டல் பேச்சை நிறுத்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சோளக்கூழைக் கிளறினார். மறுபடி பார்த்தார்.

அந்தப் பார்வை ஹாய்ட்டுக்குப் பழக்கமானது. விலையைச் சொல்லிவிட்டு, எதிராளி குறைத்துக் கேட்பான் என்று காத்திருக்கிறவனின் பார்வை. எதிராளி ஒன்றுமே கேட்காமல் நின்றால் அந்த விலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஹாய்ட் மேசைக்கடியில் மெர்லின் காலை ஒரு மிதி, நெல்டாவின் காலை ஒரு மிதி மிதித்தார். அசையாதீர்கள் என்று அர்த்தம். தானும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவ ஆரம்பித்தார், ஓரம் ஓரமாக, அதிலேயே உலகம் இருப்பதுபோல.

"டெல்மர்காரங்களோட ஊதா நிறம்கூட அப்படியொண்ணும் மோசமில்ல" என்றார் வெண்டல்.

நெல்டாவின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஹாய்ட் இன்னொரு மிதி கொடுத்தார்.

வெண்டல் பெருமூச்சு விட்டார். "சரி, ஒரு வருஷம் கொஞ்சம் ஜாஸ்திதான். கிறிஸ்துமஸ் வரைக்கும் வெச்சுக்கலாம்."

ஹாய்ட் ரொட்டியைத் திருப்பி மறுபக்கம் தடவினார்.

"அடுத்த ஞாயிறு வரைக்கும்."

ஹாய்ட் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். பேரம் படிகிற நேரத்தில் செய்கிற வேலை அது. முழுதாகச் சம்மதமும் இல்லை, கடையை விட்டுப் போவதும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் வெண்டல். குரல் மாறியிருந்தது. "போன வருஷம் நான் எழுந்து போனது மிசஸ் ஆக்ஸ்லிக்காக. மூணாம் வகுப்புல நம்ம எல்லாருக்கும் அவங்கதான் டீச்சர். தனியா இருந்தாங்க, பக்கத்துல யாருமில்ல. அதுக்காகப் போனேன். சிரிச்சீங்க, நானும் சிரிச்சேன், போகட்டும். இப்ப நீ சொல்லு ஹாய்ட். நீ எதுக்காக எழுந்து போன? இந்தக் கேள்விக்கு மட்டும் வாய் திறக்கலாம்."

ஹாய்ட்டின் தலைக்குள் பொய்கள் கடை வாசல் கார்கள் மாதிரி பளபளவென்று வரிசையாக வந்து நின்றன. மனைவிக்கு மயக்கம். வாடிக்கையாளர் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. தனக்கே நெஞ்சுவலி, அதுதான் நல்ல விலை போகும், யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். எதிரே உட்கார்ந்திருக்கிறவரோ ஊரிலுள்ள எல்லாக் குடும்பத்தின் அழுகையையும் கிட்டத்தில் நின்று பார்த்தவர். எது நிஜம், எது சொத்துக்கு என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவார். அவரிடம் போய் இந்தச் சரக்கை விற்பதா?

"பாலத்து நெரிசல்" என்றார் ஹாய்ட்.

"என்ன?"

"நெரிசல்யா. எல்லாரும் கிளம்பறதுக்கு முன்னாடி பாலத்தைத் தாண்டிடலாம்னு போனேன். யாரும் சாகல. யாருக்கும் காய்ச்சல்கூட இல்ல."

"தாண்டினியா?"

"எங்க. முக்கால் மணி நேரம் பாலத்து மேலயே நின்னேன். ஆட்டத்தைப் பார்த்துட்டு வந்தவனெல்லாம் என்னை நடந்தே தாண்டிப் போனான்."

முதலில் வெண்டலின் தோள் குலுங்கியது. அப்புறம் மேசை குலுங்கியது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "டீச்சருக்கு இதைச் சொல்லியிருந்தா எழுந்து உட்கார்ந்திருப்பாங்க" என்றார். மூவரையும் பார்த்துக் கையை வீசினார், போங்க, பேசித் தொலைங்க என்று.

ஹாய்ட் அதற்காகத்தான் காத்திருந்தார். "அந்தக் கோச்சுக்கு அஞ்சு வருஷமா?" என்று இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றினார். "நீ தினம் பார்க்கிற ஆளுங்ககூட உன்னைவிட யோசிப்பாங்கய்யா. அவனுக்கு அஞ்சு நிமிஷம் கொடுத்ததுக்கே நேத்து என்ன பண்ணினான்னு பார்த்தல்ல?"

"நான் பார்த்தேன்" என்றார் வெண்டல். "நீ பார்க்கல."

"பார்க்காமலே சொல்றேன், நீ சொல்றது தப்பு."

அடுத்த மேசை டெல்மர்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாட்டி காபிக் குடுவையோடு வந்து, சத்தம், சத்தம் என்று கையைக் காட்டினாள். வெண்டல் நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தப்புன்னா எங்க தப்பு? ஒவ்வொண்ணா சொல்லு" என்றார்.