ஒரு மடக்குத் தண்ணீர்

எங்கள் மேடம் விவாகரத்து வழக்குகள் மட்டும்தான் எடுப்பார். நிலத் தகராறு, அடிதடி என்று யாராவது வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். "எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை குடுக்கிற டாக்டர் நான் இல்ல" என்பார். அவரிடம் ஜூனியராகச் சேர்ந்த பிறகு என் வீட்டில் என் கல்யாணப் பேச்சை எடுக்கவே பயப்படுகிறார்கள். என் முகம் அப்படி ஆகிவிட்டது.

மேடம் ஜெயிப்பதற்குக் காரணம் சட்டப் புத்தகம் இல்லை, ஒத்திகை. கூண்டில் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு கட்சிக்காரரையும் அலுவலகத்தின் உள்ளறையில் உட்காரவைத்துப் பழக்குவார். ஒரு நீள மேசை, அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீர், எதிரே நான். எதிர்த்தரப்பு வக்கீலாக நடிப்பது என் வேலை. கத்துவேன், மடக்குவேன், கூசாமல் கேட்பேன். வாய்த்துடுக்குக்குச் சம்பளம் கொடுக்கும் இடம் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது?

கஷ்டமான கேள்வி வந்தால் உடனே பதில் சொல்லக் கூடாது. டம்ளரை இரண்டு கையாலும் எடுக்க வேண்டும். ஒரே ஒரு மடக்கு. கீழே வைத்துவிட்டுத் தன் கையைப் பார்க்க வேண்டும். பிறகு எதிராளியைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, 'ஆனா' என்று ஆரம்பிக்க வேண்டும். "அழறவங்களப் பாத்துப் பாத்து ஜட்ஜுங்களுக்குச் சலிச்சுப்போச்சு. அழாம இருக்கக் கஷ்டப்படறவங்களத்தான் நம்புவாங்க" என்பார் மேடம். அவர் சொன்னபடியே நம்பினார்கள்.

அந்தப் பொறியாளர் எங்களிடம் வந்தபோது, பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலத்தான் இருந்தது. கசங்காத சட்டை, மெல்லிய குரல், வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. மனைவி எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். வழக்கு முடியும்வரை சனி, ஞாயிறு மட்டும் மகள் இவரிடம் இருக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. "எனக்கு வேற எதுவும் வேண்டாம் மேடம். பொண்ணு என்கூட இருக்கணும்" என்றார்.

மனைவியின் மனுவை நான்தான் சத்தமாகப் படித்தேன். குடி இல்லை, அடி இல்லை, இன்னொரு பெண் இல்லை. வீட்டில் எதைச் செய்தாலும் அவர் நினைத்தபடி வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யவைப்பாராம். கதவைச் சாத்துவது, சாப்பிட உட்காருவது, 'போயிட்டு வரேன்' என்று சொல்வது. தப்பினால் முதலில் இருந்து. மகளையும் நிற்கவைத்து அப்படித்தான் செய்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது என்று முடித்திருந்தாள். மேடம் சிரித்துவிட்டார். "வீட்டுக்கு வீடு வாசப்படி. கதவ ஒழுங்கா சாத்தச் சொன்னதுக்கு டைவர்ஸா?" நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒத்திகை அன்று அவர் அசத்தினார். உங்கள் மனைவி ஏன் உங்களை விட்டுப் போனாள் என்று நான் சீறியதும், டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தார். ஒரு மடக்கு. கையைப் பார்த்தார். "அவ ரொம்ப நல்லவ. பொண்ண ரொம்ப நல்லா பாத்துப்பா. ஆனா, நிதானம் கம்மி." எனக்கே அவர்மேல் பரிதாபம் வந்தது.

"பிரமாதம் சார். போதும்" என்றார் மேடம்.

"இன்னொரு தடவை பாக்கலாமா மேடம்?"

பார்த்தோம். அதற்குப் பிறகும் இன்னொரு தடவை. மேடம் ஒரு போன் பேச வெளியே போனார். பொறியாளர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க 'ஏன் போனாங்க'ன்னு கேக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்தினீங்க. போன தடவை நிறுத்தல. முதல்ல இருந்து வரலாமா?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. யாருக்கும் அடங்காதவள் என்று பேர் வாங்கியவள் நான். வாயை மூடிக்கொண்டு முதலில் இருந்து வந்தேன். போதாக்குறைக்கு 'சாரி சார்' வேறு சொன்னேன். அவர் போனபிறகு அவருக்கு 'இன்னொரு தடவை' என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்துப் பார்த்தேன். சிரிப்பு சரியாக வரவில்லை.

குழந்தையிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார் நீதிபதி. தன் அறையிலேயே, பெற்றோர் இல்லாமல். இரண்டு பக்கத்து ஜூனியர்களும் பின்னால் வாய் திறக்காமல் உட்காரலாம் என்று அனுமதித்தார். அப்படித்தான் அவளை முதன்முதலாகப் பார்த்தேன். முன்பல் விழுந்திருந்தது. நாற்காலியில் கால் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டதும் வாய் ஓயாமல் பேசினாள். பக்கத்தில் உட்காரும் பெண் தன் ரப்பரைக் கடித்துவிட்டாள் என்று புகார் வேறு.

"சரிடா கண்ணு. உனக்கு அம்மாகூட இருக்கணுமா, அப்பாகூட இருக்கணுமா?"

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. மேசையில் நீதிபதிக்காக வைத்திருந்த டம்ளரை அவள் இரண்டு கையாலும் எடுத்தாள். ஒரு மடக்குக் குடித்தாள். கீழே வைத்தாள். தன் கையைப் பார்த்தாள்.

"அம்மா ரொம்ப நல்லவங்க. என்ன ரொம்ப நல்லா பாத்துப்பாங்க. ஆனா, நிதானம் கம்மி."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எவ்வளவு பக்குவம் பாருங்க" என்றார். எதிர்த்தரப்பு ஜூனியர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அவன் எங்கள் உள்ளறையைப் பார்த்ததில்லை. இந்த வித்தை எங்கே பிறந்தது என்று அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். இந்த அளவுக்குப் பிசகாமல் வர, எத்தனை சனி ஞாயிறு அந்தப் பிள்ளையை நிற்கவைத்திருப்பார்?

வராந்தாவில் அவள் அம்மா என்னை மறித்தாள். "நீங்க அந்தப் பக்கம்னு தெரியும். இருந்தாலும் கேக்கறேன். எப்பிடிப் பேசினா?"

"நல்லா பேசினா" என்றேன். பொய் சொல்லவில்லை.

அலுவலகத்துக்கு வந்ததும் மேடத்திடம் கொட்டித் தீர்த்துவிட்டேன். அந்த அம்மா மனுவில் எழுதியது அத்தனையும் உண்மை, பிள்ளை பயத்தில் ஒப்பிக்கிறது, நாம் போய் நீதிபதியிடம் சொல்ல வேண்டும் என்றேன்.

"நாம யாரோட வக்கீல்?" என்றார் மேடம். "கட்சிக்காரர் இந்த ரூம்ல பண்ணினது வெளிய போனா உன் கோட்டும் போயிடும், என் கோட்டும் போயிடும்."

"அப்ப அந்தப் பிள்ளை?"

மேடம் மேசையில் இருந்த டம்ளரை எடுத்தார். இரண்டு கையாலும். ஒரு மடக்குக் குடித்துக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தார்.

"நீ ரொம்ப நல்ல ஜூனியர். ஆனா..."

மீதியைக் கேட்க நான் நிற்கவில்லை.

தீர்ப்பு வந்தது. மகள் அப்பாவிடம் வளர வேண்டும், அம்மா வாரத்தில் ஒருநாள் வந்து பார்க்கலாம். அன்று மத்தியானமே பொறியாளர் நன்றி சொல்ல மகளோடு அலுவலகத்துக்கு வந்தார். மேடம் இன்னும் கோர்ட்டிலிருந்து திரும்பவில்லை. நல்ல வெயில். பிள்ளையின் உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

இரண்டு கையாலும் எடுத்தாள். ஒரே ஒரு மடக்கு. கீழே வைத்தாள். கையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.

"என்னடா கண்ணு? குடி."

"நீங்க இன்னும் கேள்வி கேக்கலையே."

பாழாய்ப்போன அந்த உள்ளறையை இடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. குனிந்து அவள் உயரத்துக்கு வந்து, என்னால் முடிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். "தாகமா இருக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து, மகளின் தோளில் கை வைத்தார். டம்ளர் மேசையில் அப்படியே இருந்தது.

"பரவாயில்லம்மா" என்றார். "வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்."