ஏணி பிடிக்கிற கை

விட்டுவிட்டான்... அவன் என்றா நினைத்தோம் என்று நாகலட்சுமிக்கே ஒரு கணம் திடுக்கென்றது, கல்யாணமான நாளிலிருந்து மனசுக்குள்கூடக் குழந்தைசாமியை அப்படிச் சொன்னதில்லை, அவர்தான், எப்போதும் அவர்தான், ஆனால் விட்டது விட்டதுதானே, அவர் என்று சொல்லிவிட்டால் மட்டும் பிடித்ததாக ஆகிவிடுமா? எதிர் பெஞ்சில் உட்கார்ந்து வடையைப் பிட்டு டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருக்கிறார், கட்டின புருஷன், ஒன்றுமே நடக்காத மாதிரி, எப்படித்தான் இறங்குகிறதோ அந்த வடை. வெளியே ஆலத்தூர் நாட்டு மலையின் புல்சரிவு முழுக்க மழை, பயிற்சி பாதியில் நின்றுபோய் எல்லோரும் இந்தத் தகரக் கொட்டகைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், சசிகுமார் பேசிக்கொண்டே இருக்கிறான். அவன்தான் இந்தக் கூட்டத்தை இமயமலைக்குக் கூட்டிப்போகிறவன், ஏற்கெனவே பனிமலை ஏறி வந்தவன், சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும், ராச்சாப்பாடு முடிந்ததும் கூடாரத்தை விட்டுக் கிளம்ப வேண்டும், பனி இறுகிக் கிடக்கும்போதே விடிய விடிய ஏறி, வெயில் பட்டு அது இளகுவதற்குள் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும், மூன்று பேருக்கு ஒரு கயிறு, ஒருத்தர் சறுக்கினால் மற்றவர்கள் அந்த நொடியே குப்புற விழுந்து கோடாலியைப் பனியில் குத்தி... காதில் விழுகிறது, மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது.

அந்த நொடியே, என்கிறான். அந்த நொடியில் என்ன நடந்தது? இடுப்புக் கச்சை ஒன்றுதான் வந்திருந்தது, அதை அவளுக்குக் கட்டிவிட்டு, கயிற்றின் மறுமுனையைக் குழந்தைசாமியின் கையில் கொடுத்தான் சசிகுமார், சும்மா ஒரு பழக்கத்துக்கு, பத்தடி இறங்குங்க அக்கா, நான் சொன்னதும் சறுக்குங்க என்றான். அவன் சொல்லும்வரைக்கும் எங்கே நின்றாள், ஈரப்புல் காலை வாரிவிட்டது, நிஜமாகவே விழுந்தாள், விழுந்தபோதுகூடப் பயமில்லை, பின்னால் அவர் இருக்கிறார், இதோ கயிறு இழுக்கும், இதோ இழுக்கும்... இழுக்கவில்லை. கயிறு பாட்டுக்கு அவளோடேயே சரசரவென்று வந்தது. வேலிக்கால் ஓரம் போய் நின்றபோது முழங்கை சிராய்த்திருந்தது, அவ்வளவுதான், பெரிய அடி இல்லை, மேலே நிமிர்ந்து பார்த்தால் மனுஷன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நாலடி தள்ளி நிற்கிறார். கயிற்றுக்கு நேரே இல்லை, ஒதுங்கி. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்போல இருக்கிறது, வாய் அப்படிப் போனது ஞாபகம் இருக்கிறது.

விழுந்ததுகூட இல்லை, குத்துவது அவர் சொன்னதுதான். கேட்டிருக்கவே வேண்டாம், சசிகுமார்தான் கேட்டான், ஏன் மாமா விட்டீங்க என்று, அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “மொளகு ஏணி பழக்கம் சாமி. ஏணி நழுவுனா கைய உட்டுட்டு ஒதுங்கிரோணும், இல்லீன்னா ரெண்டு பேருக்கும் அடி. கை அதுவா உட்ருச்சு.” அதுவா உட்ருச்சு. கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள், மலையில் மிளகு பறிக்கிற எவருக்குத் தெரியாது, ஒற்றை மூங்கில் ஏணி சரிந்தால் கீழே நிற்கிறவனால் பிடித்து நிறுத்த முடியாது, ஒதுங்குவதுதான் புத்தி. ஆனால் அந்த ஏணியில் மேலே நின்றவள் யார்? மற்ற ஊட்டில் ஆம்பிளை ஏறுவான், பொம்பிளை அடியில் பிடிப்பாள், இவர் கனத்த உடம்பு, ஏணி தாங்காது என்று, கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே அவள்தான் ஏறினாள், மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சிவரைக்கும், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, பொண்ணு வயிற்றில் இருந்த மூணாம் மாசம்கூட ஏறினாளே, தலை சுற்றினால் கீழே பார்ப்பாள், மூங்கிலைக் கட்டிப்பிடித்த அந்த இரண்டு கை தெரியும், போதும், அடுத்த சரத்தைக் கிள்ளுவாள். அந்தக் கைக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. பிடித்துக்கொண்டே, எப்போது விடலாம் என்று தயாராக நின்றிருக்கிறது. ஐயோ, அத்தனை தையிலும் மாசியிலும் அவள் ஒருத்திதான் தெரியாமல் மேலே நின்றிருக்கிறாள்.

அப்படியானால் சாவு என்று தெரிந்தும் கூடவே விழ வேண்டுமா அவர்? அதுவும் நியாயமா? இரண்டு பேரும் விழுந்தால் பிள்ளையை யார் பார்ப்பது, சரிதான், கணக்குப் போட்டால் சரியாகத்தான் வருகிறது, பின்னே ஏன் நெஞ்சுக்குள் இப்படித் திமுதிமுவென்று அடித்துக்கொள்கிறது? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஏம்புள்ள, சரிஞ்சா நான் ஒதுங்கிக்குவேன், நீ மரத்தைப் பிடிச்சுக்கோ என்று, மேலே இருக்கிறவளுக்குத் தெரிய வேண்டாமா? இந்தப் பனிமலை ஆசையே அவளுடையதுதான், பேர் கொடுத்தவளும் அவள்தான், உன்னை ஒத்தையில எப்படி அனுப்பறது என்று அவராகத்தான் கூட வந்தார், அன்றைக்கு அதைக் கேட்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோனாளே, கழுதை. இப்போது கயிற்றுக்கு ஆள் பிரிக்கிறான் சசிகுமார், முதல் கயிற்றில் யார், அக்காவும் மாமாவும் ஒண்ணாப் போட்டுரலாமுங்களா என்கிறான், எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள், அவரும் பார்க்கிறார், கண்ணில் கள்ளமே இல்லை. வேண்டாம் என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது, சொன்னால் நாளைக்கு மிளகுத் தோட்டத்தில் எந்த மூஞ்சியோடு ஏணியில் கால் வைப்பது? பக்கத்தில் இருந்த ஹபீப் ரஹ்மான் பாய், துறையூரில் மிளகு மண்டி வைத்திருக்கிறவர், பல வருஷப் பழக்கம், இந்தப் பயணத்துக்கும் பேர் கொடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது, மெதுவாகச் சொன்னார். “அங்க எல்லாரு இடுப்புலயும் கட்டிருவாங்கம்மா. விடணும்னாலும் விட முடியாது.” ஆறுதலுக்குத்தான் சொன்னார் பாவம். விட முடியாததால் விடாமல் இருக்கிற ஆளோடு ராத்திரி முழுக்கப் பனியில் நடப்பதா? அவள் பதில் சொல்வதற்குள் மழை விட்டுவிட்டது, வெளிச்சம் இருக்கும்போதே இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று சசிகுமார் எழுந்துவிட்டான், கயிற்றுப் பேச்சு அந்தரத்தில் நின்றது.

இந்தத் தடவை மாற்றிப் போட்டான். மாமா முன்னால், அக்கா பிடிக்கட்டும். குழந்தைசாமி கச்சையைத் தானே வயிற்றைச் சுற்றி இழுத்துக் கட்டினார், எட்டவில்லை, மூச்சை உள்ளே பிடித்துக் கட்டினார், எப்போ சறுக்கறதுன்னு சொல்ல மாட்டேன் மாமா, நீங்களா ஒரு இடத்துல சறுக்குங்க என்றான் அவன். அவர் இறங்கினார். கயிறு அவள் உள்ளங்கையில் சுற்றியிருக்கிறது, ஈரமாக, கனமாக, இவ்வளவு பெரிய உடம்பு இதன் முனையில் போய்க்கொண்டிருக்கிறது, நன்றாகத்தான் சறுக்கட்டும், பிடிக்கிறேனா இல்லையா பார்க்கட்டும், தோலுரிந்தாலும் விடமாட்டேன், இழுத்துக்கொண்டு போனாலும் கூடவே போவேன், அதுக்கப்புறம் அந்த வாய் என்ன சொல்லும், கை அதுவா பிடிச்சுதுன்னா சொல்லும்? நான் உங்களை மாதிரி இல்லீங்க, இல்லவே இல்லீங்க... அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிடிப்பாளா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, ஆடு மேய்க்கப் போகிற மாதிரி இறங்குகிறார், அது எப்படி, ஏணியில் நின்றபோது கீழே பார்க்காமல் அவளுக்கு ஒரு நாளாவது முடிந்ததா? கயிற்றை இன்னும் இறுக்கினாள்.

“ஏனுங்க அக்கா, எதுக்கு அவ்ளோ ஓரமாப் போயிட்டீங்க? கயித்துக்கு நேரா வந்து நில்லுங்க.”

சசிகுமார்தான். என்னவோ சொல்கிறானே என்று குனிந்து பார்த்தாள். அவள் முதலில் நின்ற இடத்தில் புல் நசுங்கிக் கிடந்தது, நாலடி தள்ளி. பாதம் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. யார் நகர்த்தியது, எப்போது? கீழே குழந்தைசாமி, திரும்பிப் பார்க்காமலேயே, அடுத்த அடியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.