எங்களுக்குக் குரல் கொடுக்க வந்தவர்

விடிவதற்கு முன்பே லாரிகள் ஊர்க் குப்பையைக் கொட்டிவிட்டுப் போயிருக்கும். ஐந்து மணிக்கு பெல்ட் ஓடத் தொடங்கும். அதன் இரு பக்கமும் நாங்கள் நாற்பது பெண்கள். ஓடுகிற குப்பையிலிருந்து பிளாஸ்டிக்கை ஒரு தொட்டியிலும் தகரத்தை இன்னொன்றிலும் கண்ணாடியை வேறொன்றிலும் பொறுக்கிப் போட வேண்டும். அழுகல் நீர் முழங்கை வரை வழியும். மூக்கு முதல் அரைமணி நேரம்தான் முரண்டு பிடிக்கும். பிறகு அதுவும் எங்களைப் போலவே அடங்கிப்போகும்.

எனக்கு எதிரே நிற்பவள் என் நாத்தனார். மூன்று மாதத்துக்கு முன் ஒரு கம்பிச்சுருள் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. பெல்ட்டை நிறுத்தும் சுவிட்சு மேஸ்திரியின் அறைக்குள் இருந்தது. அறை பூட்டியிருந்தது. சாவியோடு மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார். அவர் ஓடி வருவதற்குள் உருளை அவளுடைய இரண்டு விரல்களைத் தின்றுவிட்டது. அவளுடைய அஜாக்கிரதைதான் காரணம் என்று எழுதி, மிச்சமிருந்த கையால் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

சுவிட்சை பெல்ட் பக்கத்தில் வையுங்கள் என்று கேட்கப் போனோம்.

"ஆளாளுக்கு நிறுத்தினா வேலை ஓடுமா?" என்று விரட்டினார் மேஸ்திரி.

அந்தச் சமயத்தில்தான் நிபுணர் வந்து சேர்ந்தார். பன்னிரண்டு நாடுகளின் வறுமையை ஆராய்ந்தவராம். ஏழைகளுக்காகப் பத்திரிகையில் எழுதவும் டிவியில் பரிந்து பேசவும் ஓர் அறக்கட்டளை அவருக்கு ஓராண்டு ஃபெல்லோஷிப் கொடுத்திருந்தது. அவரைப் போல இன்னும் பத்துப் பேர். எப்படி எழுதுவது, காமிரா முன்னால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றெல்லாம் பெரிய ஓட்டலில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். இத்தனை நாடு சுற்றியவர்களுக்கு, கண்ணால் பார்த்ததைச் சொல்வதற்கு ஒரு பள்ளிக்கூடம்!

"உங்களுக்குக் குரல் கொடுக்கத்தான் வந்திருக்கேன்" என்றார், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமல்.

"குரல் இருக்கு சார். சுவிட்சுதான் இல்ல" என்றாள் நாத்தனார்.

சிரித்தார், எழுதிக்கொண்டார். நான்கு நாள் வந்து எங்களிடம் எல்லாவற்றையும் கேட்டார். நாங்களும் நம்பினோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கட்டுரை வந்தது. குப்பை லாரி ஓட்டும் மொட்டை அண்ணன் சாப்பாட்டு வேளையில் அதை வாசித்துக் காட்டினார். தலைப்பு, 'குப்பையில் பூத்த நம்பிக்கை'. படத்தில் நாத்தனாரின் சிரிப்பு இருந்தது. விரல் போன கை இல்லை. விரல் போனது 'ஒரு சிறு பின்னடைவு' ஆகியிருந்தது. சுவிட்சைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை.

அடுத்த முறை அவர் வந்தபோது, ஏன் இப்படி எழுதினீங்க என்று நேராகவே கேட்டேன்.

"குறைகளைக் கேட்டுக் கேட்டு வாசகர்களுக்கு அலுத்துப்போச்சும்மா. ஒரு முகம், ஒரு கண்ணீர், ஒரு நம்பிக்கை. அதுதான் மனசுல நிக்கும்."

"சுவிட்சு?"

"அது சின்ன டெக்னிக்கல் விஷயம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க அறக்கட்டளைத் தலைவர் யாருன்னு தெரியுமில்ல? உங்க முதலாளிதான்."

நாத்தனார் கையிலிருந்த தகர டப்பாவை வீசி எறிந்தாள். "என் விரலைத் தின்னவருதான் உங்களுக்குச் சோறு போடறாரா?"

அடுத்த வாரம் பதினோரு நிபுணர்களும் முதலாளியோடு பார்வையிட வந்தார்கள். அன்று காலை எங்களுக்குப் புதுக் கையுறை கிடைத்தது. "அவங்க போனதும் திருப்பிக் கொடுத்துடணும். அழுக்காக்கிடாதீங்க" என்றார் மேஸ்திரி. குப்பை பொறுக்குகிறவர்களிடம்! முதலாளிக்கு நன்றி சொல்லும் மூன்று வரிகளை எழுதி, நாத்தனாரிடம் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார் நிபுணர்.

அவர்கள் வருவதற்கு முன் குழாயடியில் நாங்கள் கூடினோம். பயப்படாதவள் ஒருத்தியும் இல்லை.

"ஒருத்தி கைய எடுத்தா வேலை போயிடும். எல்லாருமே எடுத்தா?" என்று கேட்டாள், கண்ணாடி போடும் தொட்டிப் பக்கம் நிற்கும் பெரியம்மா. யாரும் நழுவவில்லை.

பெல்ட்டின் முனையில், மிச்சக் குப்பை விழும் தொட்டியை ஒட்டிச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். "இவங்க தொழிலாளிங்க இல்ல, என் குடும்பம்" என்றார் முதலாளி. காமிரா அவரைவிட்டு நகரவில்லை. பிறகு நாத்தனாரை முன்னே தள்ளினார்கள்.

"சார், இந்த பெல்ட்ட நிறுத்தணும்னா நாங்க எங்க போகணும்?"

தான் எழுதிக் கொடுத்த முதல் வரியை நிபுணரின் உதடு தவிப்போடு முணுமுணுத்தது. முதலாளியின் சிரிப்பு மட்டும் கலையவில்லை.

"அதெல்லாம் உள்ள பேசிக்கலாம்மா. விருந்தாளிங்க இருக்காங்க."

"உள்ளதான் சார் பூட்டி வச்சிருக்கீங்க!"

அவள் கையுறையைக் கழற்றி, மூன்று விரல்களோடு கையை உயர்த்தினாள். நாற்பது பேரும் பெல்ட்டிலிருந்து கையை எடுத்தோம்.

யாரும் தொடாத குப்பை எப்படிப் பாய்ந்து வரும் என்பதை நாங்களே அன்றுதான் பார்த்தோம். தொட்டி நிரம்பி வழிந்தது. கம்பளத்தின் மேல் அழுகல் ஏறியது. பன்னிரண்டு நாட்டு வறுமையைப் பார்த்தவர், காலணியில் ஒட்டிய வாழைப்பழத் தோலைக் கண்டு அலறினார்.

"நிறுத்துடா! நிறுத்து!" என்று முதலாளி கத்தினார். மேஸ்திரி ஓடினார். முதலில் நுழைத்த சாவி சேரவில்லை. பெரியம்மா ஒன்று, இரண்டு என்று நொடிகளை உரக்க எண்ணிக்கொண்டே இருந்தாள். எழுபத்து மூன்றில் பெல்ட் நின்றது.

"அன்னைக்கு அத்தனை நேரம் என் கை உள்ள இருந்துச்சு சார். இதை எழுதுங்க" என்றாள் நாத்தனார்.

மறுநாள் காலை கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நாத்தனார், பெரியம்மா, நான், மூவருக்கும் இனி வேலை இல்லை. மற்ற முப்பத்தேழு பேரும் அதைச் சுற்றி நின்றார்கள். எங்களோடு வாங்க என்று கூப்பிட எங்களுக்கு வாய் வரவில்லை. முதலில் ஒருத்தி கேட்டின் குறுக்கே உட்கார்ந்தாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. சற்று நேரத்தில் நிற்பவர் யாரும் இல்லை.

நிபுணர் காரில் வந்து இறங்கினார். "அற்புதம்! போன கதையைவிட இது இன்னும் பெரிய கதை!"

"உக்காந்து பேசுங்க சார்" என்றேன்.

தரையைப் பார்த்தார். தன் வெள்ளைக் கால்சட்டையையும் பார்த்தார். ஏதோ கூட்டம் இருப்பதாகச் சொல்லிக் காரில் ஏறிக்கொண்டார்.

அதற்குள் அடுத்த நடைக்கு லாரிகள் வந்துவிட்டன. முதல் லாரியில் மொட்டை அண்ணன்.

"ஹாரன் அடிச்சு உள்ள வாய்யா!" என்று மதிலுக்கு மேல் தலையை நீட்டிக் கத்தினார் மேஸ்திரி.

அண்ணன் எஞ்சினை அணைத்தார். பின்னால் ஒவ்வொன்றாக மற்ற எஞ்சின்களும் அடங்கின. அவர் இறங்கி, துண்டை உதறிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, பின்னால இன்னும் ஆறு பேர் வர்றாங்க."