கழுவிய கன்னம்

பாத்சூரி ஐ.நா. அமைதிப்படைப் பட்டாளத்தோடு தெற்கு சூடானுக்குப் புறப்பட்ட அன்று அவனுடைய அம்மா தோல்கர் ஒரு பிசகு செய்துவிட்டாள். தூரதேசம் போகிற பிள்ளையின் ஒரு கன்னத்தைத்தான் தாய் முகர்ந்து முத்தமிட வேண்டும். மற்றது திரும்பி வருகிற நாளுக்கு. அதை வாங்கிக்கொள்ளவாவது பிள்ளை வந்து சேரும் என்று மங்கோலியர்களுக்கு ஒரு நம்பிக்கை. தோல்கர் இடது கன்னத்தை முகர்ந்தாள். பிறகு வண்டியில் ஏறப் போனவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வலது கன்னத்தையும் முகர்ந்தாள். பக்கத்தில் நின்ற தாய்மார்கள் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கெட்டதை வாய்விட்டுச் சொன்னால் வந்துவிடும் என்று ஒருத்தியும் எதுவும் சொல்லவில்லை.

முகாமுக்கு வந்த பிறகும் அந்தக் கன்னம் அவனைச் சும்மா விடவில்லை. தகர அறை, ஒட்டிக்கொண்டால் பூட்ஸையே கழற்றிக்கொள்கிற சேறு, குப்பை மேட்டில் பென்ஷன் வாங்க வந்த பெரியவர்கள் மாதிரி நிற்கும் வழுக்கைத்தலை நாரைகள், இதெல்லாம் மற்றவர்களுக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. பாத்சூரிக்கோ ரோந்து வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வலது கன்னம் குறுகுறுத்தது. படுத்தால் தூக்கமில்லை. இனி திரும்பிப் போக மாட்டோம் என்றே முடிவு கட்டிவிட்டான்.

அவன் பயத்தைச் சமையற்காரன் தம்தினிடம் மட்டும்தான் சொன்னான். செம்மறி இறைச்சி கிடைக்காத ஊரில் வெள்ளாட்டைக் கொத்திக் கொழுக்கட்டை செய்து, அதற்கும் திட்டு வாங்குகிறவன் தம்தின்.

"அவ்வளவுதானா? பாலால கழுவிடுடா. குடுத்தது போயிடும், கன்னம் மறுபடி புதுசாயிடும்."

"அப்பிடி யாராவது செய்வாங்களாண்ணே?"

"எவனும் செஞ்சதில்ல. எவங்கம்மாவும் ரெண்டு பக்கம் குடுத்ததுமில்ல."

"பவுடர் பால் போதுமா?"

"அது எந்த மாட்டுக்கும் பொறந்ததில்ல. நல்ல பாலாப் பாரு."

முகாம் வாசலுக்கு வெளியே நீளக் கொம்பு மாடுகளை ஓட்டிப்போகும் பெண்ணிடம் ஒரு குவளைப் பால் வாங்கினான். அங்கேயே நின்று கன்னத்தில் ஊற்றித் தேய்த்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும் என்று இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

அன்றே அம்மாவை முகம் பார்த்துப் பேசத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அம்மா, நீ பண்ணின கோளாற நான் சரி பண்ணிட்டேன்."

"என்னப்பா கோளாறு?"

"வலது கன்னத்தப் பாலால கழுவிட்டேன். நீ தொடாத மாதிரியே ஆயிடுச்சு. வந்ததும் புதுசாக் குடு."

தோல்கர் முகத்தைத் திருப்பி அடுப்பில் ஒரு வறட்டியை வைத்தாள். அது பற்றிக்கொள்ளும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரொம்ப அழுத்தித் தேச்சியா?"

"தோல் உரியற மாதிரி."

"நல்லது பண்ணே, சாமி. எனக்கு வயசாச்சு. மறந்துபோச்சு."

"மறந்துபோச்சுன்னு சுலபமாச் சொல்லிட்ட. தூக்கமில்லாமச் செத்தவன் நான்."

"கோவிச்சுக்காத. சாப்பிட்டியா?"

அதன் பிறகு பாத்சூரி ஆள் மாறிவிட்டான். படுத்ததும் குறட்டை விட்டான். காவல் கோபுரத்தில் நின்று போகிற மாடுகளுக்கெல்லாம் பெயர் வைத்தான். கறவை எது, மலடு எது என்று அவன் சொன்னதை மாட்டுக்காரர்களே ஒத்துக்கொண்டார்கள். மேய்ச்சல்காரன் பிள்ளைக்கு மாடு இருக்கிற ஊரெல்லாம் சொந்த ஊர்தானே. தினமும் விடியலில் அம்மா தென்மேற்குப் பக்கம் அவனை நினைத்துப் பால் தெளிப்பதாகத் தங்கை சர்னை சொன்னாள். பேசும்போதெல்லாம் அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். கேட்டால் குளிர் என்றாள். அங்கே அப்போது நல்ல கோடைக்காலம். அது அவனுக்கு உறைக்கவே இல்லை.

மழை பிடித்துக்கொண்டு விமானத் தளம் சேறாகிக் கிடந்த ஒரு நாள் தளபதி அவனை அழைத்தார். உட்காரச் சொன்னார். தேநீரை அவரே ஊற்றிக் கொடுத்தார்.

"பாத்சூரி, உங்கம்மா புத்தராயிட்டாங்கப்பா."

ஊரில் யாரும் இறந்தார்கள் என்று சொல்வதில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. பத்து நாளைக்கு விமானம் எதுவும் இறங்க வழியில்லை என்று தளபதி சொன்னதும் காதில் விழுந்தது. தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அது ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தான்.

அடக்கம் முடிந்த பிறகு சர்னை கூப்பிட்டாள். அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது.

"நீ கெளம்பறதுக்கு முன்னாலயே அம்மாவுக்குத் தெரியும்ணே. ஈரல்ல கட்டி. டாக்டர் அப்பவே கையை விரிச்சிட்டாரு. சொன்னா நீ போக மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

"அப்ப ரெண்டு கன்னமும்?"

"மறதியில்லண்ணே. 'அவன் திரும்பி வந்து கன்னத்த நீட்டிக்கிட்டு யார்கிட்டடி போய் நிப்பான்? அதான் ரெண்டையும் குடுத்துட்டேன்'னா."

பாத்சூரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"நான் கழுவிட்டேன்னு சொன்னேனே, சர்னை. அன்னிக்கு அழுதாளா?"

"இல்ல. போன வெச்சிட்டு, 'இனிமே பையன் நிம்மதியாத் தூங்குவான்'னு சொன்னா. அப்புறம் திரும்பிப் படுத்துக்கிட்டா."

சமையல் கூடாரத்திலிருந்து உப்புத் தேநீரோடு வந்த தம்தின் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். பாத்சூரி வலது கன்னத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தான். வெயிலில் கறுத்து, தாடி முளைத்து, வெறும் கன்னமாக இருந்தது. எதை நினைத்து அதைத் தொடுவது என்றே அவனுக்குத் தெரியவில்லை. கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்தது. பாலால் கழுவாத இடது பக்கத்தை மட்டும் புறங்கை படாமல் சட்டை நுனியால் மெல்ல ஒற்றி எடுத்தான்.

அன்று சாயங்காலக் காவலுக்கு அவன் முகம் கழுவாமலே போனான்.