ஐந்துக்கு நான்கு

"அம்மா, ஒரே நாள்ல பொறந்தவங்கள்ல யாரு யாருன்னு கடவுள் எப்படிக் கண்டுபிடிப்பாரு?"

மகள் ஆறு வயதில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், ரத்தம் ஏறிக்கொண்டிருந்த கையை அசைக்காமல் கேட்டாள். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் அவளுக்கும் ஒரே பிறந்த நாள்.

"கூப்பிட்டுப் பார்ப்பாரு" என்றாள் அம்மா, வாய்க்கு வந்தபடி.

அந்த அம்மா இன்று ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் குமாஸ்தா. மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. மாலை நாலே காலுக்குக் கணினித் திரையில் ஒரு வரியைப் பார்த்தபோது, அந்தக் கேள்வி நெஞ்சில் வந்து நின்றது.

தங்களிடம் பணம் கேட்பவர்களில் அரசு மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர்கள் யார் என்று நிறுவனங்கள் அரசுக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும். பட்டியலில் ஏறியவருக்கு நிறுவனம் சிகிச்சைக்குப் பணம் கட்டுவது அன்றோடு நிற்கும். முன்பெல்லாம் அரசுப் பதிவோடு ஐந்து விவரங்களும் பொருந்த வேண்டும்: பேரின் முதல் எழுத்து, அப்பா பேர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அடையாள எண். இந்த மாதம் விதி மாறிவிட்டது. நான்கு பொருந்தினால் போதும். கெடு இன்று ஐந்து மணி.

திரையில் இருந்தவர் ஒரு பஸ் டிரைவர். வாரம் மூன்று முறை டயாலிசிஸ். நான்கு பொருந்தியிருந்தன. எண்ணில் மட்டும் ஓர் இலக்கம்கூட ஒத்துப்போகவில்லை. தப்பாக ஏறிவிட்டால் திருத்த மூன்று மாதம் ஆகும். அவர் உடம்பு மூன்று நாள்கூடப் பொறுக்காது.

"பட்டியல் போச்சாம்மா?" என்றார் பிரிவு மேலாளர். அவருக்குக் கடிகாரம் என்று பட்டப்பேர்.

"ஒரு பேர் உதைக்குது சார்."

"மெஷினே ஒத்துக்கிச்சு, உங்களுக்கென்ன? லேட்டானா அபராதம், என் தலைதான் உருளும்."

"வேற ஆள்னு அவர் எழுதிக் குடுத்தா எடுத்துடலாம்னு விதியிலேயே இருக்கு சார்."

"உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல சார்."

"நாலு அம்பத்தஞ்சு. அதுக்கு மேல நானே அனுப்பிடுவேன்."

டிரைவர் வீட்டுக்குப் போன் போட்டாள். இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. 'கடவுளே, எடுக்க வையப்பா' என்று முணுமுணுத்தபடி மூன்றாம் முறை எண்ணை அழுத்தினாள்.

"அவரு இப்பத்தான் கண்ணசந்தாரு. நான் அவர் சம்சாரம்."

"அம்மா, அவரோட ஒரே நாள்ல பொறந்தவங்க வீட்ல யாராவது உண்டா?"

"கொழுந்தனார்! ரெட்டைப் பிறவி. எட்டு நிமிஷம் முந்திட்டதுக்கு இவரு பண்ற அதிகாரம் இருக்கே! ரெண்டு பேருக்கும் ஒரே எழுத்துல பேர் வெச்சது மாமியார் ஆசை. பாவம், கொழுந்தனாருக்குக் கண்ணு தெரியாது, அரசாங்கக் காப்பீட்ல இருக்காரு. ஏம்மா?"

"அவரை எழுப்புங்க. நான் சொல்றதை எழுதி, கையெழுத்து வாங்கி, ரெண்டு பேர் அடையாள அட்டையோடயும் படம் எடுத்து அனுப்புங்க. இப்பவே."

நாலு நாற்பத்தெட்டுக்குப் படம் வந்தது. அட்டைமேல் விளக்கு பளிச்சிட்டு எண்ணை விழுங்கியிருந்தது.

"ஜன்னல்கிட்ட வெச்சு எடுங்கம்மா!"

கடிகாரம் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நாலு ஐம்பத்து நாலு. இரண்டாவது படம். இரண்டு அட்டை, இரண்டு எண், கீழே நடுங்கிய கையெழுத்து. அந்த வரியை எடுத்துவிட்டுப் பட்டியலை அனுப்பினாள். கடிகாரம் ஒரு பெருமூச்சோடு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மற்றவர்களும் போய்விட்டார்கள்.

தொலைபேசி அடித்தது. டிரைவரின் மனைவி.

"உங்க பேரென்னம்மா? சாமி கும்பிடறப்ப சொல்லணும்."

மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, காப்பீட்டு ஆபீஸிலிருந்து முகம் தெரியாத ஒருவர் கூப்பிட்டிருந்தார். 'விண்ணப்பத்துல ஒரு தாள் குறையுதும்மா, அஞ்சு மணிக்குள்ள கொண்டாங்க, நான் காத்திருக்கேன்.' ஓடிப்போய்க் கொடுத்தாள். அதனால்தான் மறுநாளும் ரத்தம் ஏறியது. பேர் கேட்டபோது அவர் சொன்ன பதிலைத்தான் இவளும் இப்போது சொன்னாள்.

"ஆபீஸ்லேருந்துன்னு சொல்லுங்க, போதும். சாமிக்குத் தெரியும்."

காலி நாற்காலிகளுக்கு நடுவே ரிசீவரை இரண்டு கையாலும் மெல்ல வைத்துவிட்டு, விளக்கை அணைத்தாள்.