அய்யூபின் மார்பளவு

மழை பொய்த்த அறுபத்தாறாம் ஆண்டில் அய்யூபின் மார்பு சுருங்கச் சுருங்க, கல்கத்தாவில் ஏற்கெனவே விற்றுப்போயிருந்த பனியன்களும் அதே அளவுக்குச் சுருங்கின. திருப்பூரில் குமாரசாமியின் பனியன் கம்பெனி தொடங்கிய நாள்முதல் நடு அளவுக்கு மாதிரி உடம்பு அய்யூபுடையதுதான். தைத்து வரும் முதல் பனியனை அவருக்கு அணிவித்துப் பார்ப்பார்கள். அக்குளில் பிடிக்காமல், வயிற்றில் தொங்காமல் நின்றால்தான் மற்றவற்றை வெட்டுவார்கள். அளவு நாடாவைவிட அவரை நம்பினார்கள் என்றால் மிகையாகாது.

அந்த ஆண்டு பல்லடம் பக்கத்துக் கிணறுகளில் வாளி தரையைத் தட்டியது. சோளம் முளையிலேயே கருகியது. ரேஷன் கடைக் கோதுமை சில வாரம் வந்தது, பல வாரம் வரவில்லை. அய்யூபின் சிறு மகள் சைதுன்னிசாவுக்கு முதலில் முடி செம்பட்டையானது. பிறகு கால்கள் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில் மருந்து எழுதவில்லை. பாலும் முட்டையும் பருப்பும் கொடுக்கச் சொன்னார்கள், தாமதித்தால் பிள்ளை தங்காது என்றும் சொன்னார்கள். அய்யூப் தம் பங்குச் சோற்றையும் மகள் தட்டில் தள்ளிவிட்டு, கம்பெனியில் சாப்பிட்டுவிட்டதாக மனைவி பத்ருன்னிசாவிடம் சொல்லிவந்தார். அந்தக் கைப்பிடிச் சோறு பிள்ளைக்குப் போதவில்லை.

கல்கத்தா ஏஜெண்ட் கிட்டுசாமி ரயிலேறி வந்து நின்றார்.

"மொதலாளி, போட்ட பனியனைக் கழட்ட முடியாம கத்திரி வெச்சு வெட்டறாங்க. மூச்சு முட்டுதுங்கறான் ஒருத்தன். என்னைய அடிக்காத குறைதானுங்க."

வறட்சியில் உப்பேறிய கிணற்று நீரே காரணம் என்று குமாரசாமி சலவைப்பட்டறைக்காரரைக் கடிந்துகொண்டார். நல்ல தண்ணீர் வண்டியில் வந்தது. பனியன்கள் தொடர்ந்து சுருங்கின. ஒரு நண்பகலில் அய்யூப் மயங்கி விழுந்தார். யாரோ மோர் புகட்டினார்கள். அவர் விழுங்கிய அந்தக் கணத்தில், குமாரசாமி அணிந்திருந்த பனியன் நெஞ்சில் தளர்ந்தது.

முதலாளி உடனே மாதிரி உடம்பை மாற்றிப் பார்த்தார். பனியன்களைப் பேலாக மூட்டை கட்டும் வெள்ளியங்கிரி நல்ல திடகாத்திரம். புதுப் பனியன்கள் ஒழுங்காக நின்றன. ஏற்கெனவே விற்றவை மட்டும் அய்யூபின் மார்பையே பின்தொடர்ந்து சுருங்கின. வேறு வழியின்றி, குமாரசாமியின் மனைவி சுப்பாத்தாள் தினமும் தூக்குப்போசியில் சோறும் நெய்யும் முட்டையும் கொண்டுவந்தார். அய்யூப் எல்லோர் கண்முன்னேதான் சாப்பிட்டார். மார்பு ஒரு நூல்கூட ஏறவில்லை.

"தின்ன சோறெல்லாம் எங்கப்பா போகுது?" என்றார் சுப்பாத்தாள்.

"உள்ளுக்குத்தானுங்கம்மா போகுது. வழியில புள்ளை நிக்கறாளுங்க."

மறுநாள் சுப்பாத்தாள் பெரிய போசியாக எடுத்தார். குமாரசாமிக்குப் பொறுக்கவில்லை. "பனியனுக்கு அளவு அவனா, அவன் புள்ளையா?"

"அதை நீங்களே போயி அவன் தொண்டைகிட்டக் கேளுங்க."

அன்றுமுதல் சைதுன்னிசா வெட்டுமேசையருகே உட்கார்ந்து உண்டாள். அவள் ஒரு கவளம் விழுங்கிய பிறகே அய்யூபுக்கு ஒரு கவளம் இறங்கியது. மெல்ல அவளுடைய கால் வீக்கம் வடிந்தது. கல்கத்தாவில் மனிதர்கள் மூச்சுவிட்டார்கள். அடுத்த ஐப்பசியில் மழையும் பெய்தது. ஆனால் வயிறார உண்டும் அய்யூபின் மார்பு பழைய அளவுக்கு ஒரு விரற்கடை குறைவாகவே நின்றுவிட்டது, பனியன்களும் அப்படியே.

"மிச்சம் எப்ப வருமுங்க?" என்று கிட்டுசாமி கேட்டார்.

"வந்தது இவ்வளவுதானுங்க," என்றார் குமாரசாமி.

கல்கத்தாக் கடைக்காரர்கள் திருப்பூர்ப் பனியனை ஓர் அளவு பெரிதாக எடுக்கச் சொன்னார்கள். வாங்குகிறவர்களும் ஏன் என்று கேட்காமல் எடுத்துப் போனார்கள். சைதுன்னிசா பிழைத்தாள், ஓடினாள், பள்ளிக்கூடம் போனாள். வளர வளரப் பிரித்துக்கொள்ளலாம் என்று பத்ருன்னிசா அவளுடைய பாவாடையில் மடிப்புகள் வைத்துத் தைத்திருந்தார். பாவாடை நைந்து கிழியும்வரை அவற்றில் ஒன்றைக்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.