எல்லாரும் சொன்ன ஆமேன்

"நாளைக்கேவா?" என்றாள் ரெயிச்சல். ஆஸ்பத்திரிப் பையில் வைக்க மடித்த மகள் நிம்மியின் கவுன் அவள் கையிலேயே நின்றது.

"வர்க்கிச்சனுக்கு லீவு முடியுது கொச்சம்மா. மறுநாள் துபாய்க்குப் பறக்கணும். பந்தலுக்குச் சொல்லியாச்சு, இறைச்சிக்குச் சொல்லியாச்சு. அச்சன் வந்து ஜெபிச்சாத்தானே புது வீட்டுல அடுப்பு மூட்ட முடியும்?"

சபையின் சொத்தையும் கணக்கையும் பார்க்கும் கைக்காரர் குஞ்ஞுகோசி கூடத்து நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு பேசினார். நீட்ட அவருக்குப் பாத்தியதை உண்டு. குருமனை சபையின் சொத்து, நாற்காலி சபையின் சொத்து, அங்கே குடியிருக்கும் பாதிரியாரும் ஏறக்குறைய அப்படித்தான். பாதிரியாரின் மனைவிக்கோ சம்பளமும் கிடையாது, சொந்தப் பேரும் கிடையாது. எந்தச் சபைக்கு மாற்றினாலும் அவள் வெறும் கொச்சம்மா.

நாளைக் காலை கோட்டயத்தில் நிம்மிக்குத் தொண்டையில் ஆபரேஷன். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. ஒரு முறை யாரோ ஒருவரின் அடக்கம், இன்னொரு முறை சபையின் கன்வென்ஷன் கூட்டம். அப்பா பக்கத்தில் இருந்தால்தான் ஊசி போட விடுவேன் என்று குழந்தை அடம்பிடித்தது. பாதிரியாரான அப்பா ஈப்பன் அச்சனும் அதன் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்திருந்தார்.

அச்சன் மனைவியைப் பார்த்தார், பிறகு கைக்காரரைப் பார்த்தார். "வந்துடறேன்" என்றார்.

ஊர்த் துக்கத்துக்கெல்லாம் தோள் கொடுக்கும் நல்ல மனிதர்தான். முடியாது என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. இடமாற்றம் பேராயர் கையில் இருந்தது. பேராயரின் காது கைக்காரர்கள் கையில் இருந்தது.

கைக்காரர் போனதும் ரெயிச்சல் கேட்டாள். "நான் ஒத்தையா போகவா?"

"கர்த்தர் பார்த்துக்குவார் ரெயிச்சல்."

"அதை வர்க்கிச்சன்கிட்ட சொல்லியிருக்கலாமே? வீட்டுக்கு வலிக்கவா போகுது?"

அன்று சாயங்காலம் கைக்காரர் வீட்டில் ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்ததும், "கொச்சம்மா ஜெபிக்கட்டும்" என்றார்கள். ஒருவர் ஜெபிக்கும்போது குறுக்கே பேசுவது அந்த ஊரில் மகா பாவம். முடிந்ததும் ஆமேன் சொல்லாமல் இருப்பது அதைவிடப் பாவம்.

ரெயிச்சல் வழக்கமான வசனங்களோடுதான் தொடங்கினாள். பிறகு குரல் மாறியது.

"கர்த்தாவே, நாளைக்கு என் பிள்ளை கத்திக்குக் கீழ படுக்கப்போகுது. அது தகப்பனைக் கேக்குது. இந்தச் சபையும் அவரையே கேக்குது. சாவுக்கு அவரு, சண்டைக்கு அவரு, புதுக் காருக்கும் அவரு. நான் எதையும் தடுத்ததில்லை. நாளைக்கு ஒரே ஒரு நாள், என் புருஷனை என் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க இவங்களுக்கு மனசு தாரும். அந்த வீடு ஒரு நாள் காத்திருக்கட்டும். ஆமேன்."

முதலில் கைக்காரரின் மனைவி தழுதழுத்து ஆமேன் என்றாள். பின்னாலேயே கூடம் முழுக்க ஆமேன் என்றது. ரெயிச்சலுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது.

கப்பைக்கிழங்கும் மீன்கறியும் பரிமாறும்போது கைக்காரரே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"உருக்கிட்டீங்க கொச்சம்மா! நாளைக்கு வர்க்கிச்சன் வீட்டுல நிம்மிக்குன்னு தனியா ஒரு ஜெபம் வச்சுடுவோம். அச்சனே பண்ணட்டும்."

"எல்லாரும் ஆமேன்னு சொன்னீங்களே?"

"நல்லாக் கேட்டீங்க! ஜெபம்னா ஆமேன் சொல்லாம இருக்க முடியுமா?"

ரெயிச்சல் அச்சனைப் பார்த்தாள். அவர் மீன் முள்ளை மெதுவாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நர்ஸ் ஊசியோடு வந்தபோது நிம்மி கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"அப்பா எங்கம்மா?"

"ஜெபம் பண்ணப் போயிருக்கார்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்டி கண்ணு" என்றாள் ரெயிச்சல்.

அது பொய்யும் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.